கிளை பிரிந்த பிறகு எது முதலில்?

ஒரு பங்கின் கடைசி விலை 100. இப்போது 104 என்ற புதிய விலையுடன் ஒரு நிகழ்வு வருகிறது. நிகழ்வுகளை வர வர நடத்தும் நிரலான நிகழ்வோடைச் செயலிக்குள் நுழைந்ததும் அது இரண்டு கிளைகளில் போகிறது. ஒரு கிளை, புதிய விலையை நினைவகத்தில் உள்ள அட்டவணையில் எழுதுகிறது. மற்றொரு கிளை, அதே அட்டவணையில் இருக்கும் பழைய விலையை எடுத்து, புதிய விலையிலிருந்து கழித்து, ஏற்ற இறக்கத்தை வெளியிடுகிறது. படிக்கும் கிளை முதலில் ஓடினால் விடை 4. எழுதும் கிளை முதலில் ஓடினால், படிக்கும் கிளைக்குக் கிடைப்பதும் 104தான், விடை 0.

இந்தப் பிழை சத்தமே போடாது. செயலி நிற்காது, அதன் பதிவேட்டில் எச்சரிக்கை எதுவும் விழாது. விலை மாறாமல் இருப்பது எந்தச் சந்தையிலும் நடக்கக்கூடியது என்பதால், பூஜ்யத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். வந்த தரவு சரி, இரண்டு கிளைகளிலும் எழுதிய நிரல் சரி, அட்டவணையும் சரி. எது முதலில் என்ற ஒன்று மட்டும் யாராலும் முடிவு செய்யப்படாமல் விடப்பட்டிருக்கிறது. இதை ஓர் ஓரத்துச் சிக்கலாக எண்ணி ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. ஒரே நிலையை இரண்டு கிளைகள் தொடுகின்ற எந்த நிகழ்வோடைச் செயலியிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

படத்தில் இல்லாத தகவல்

நிகழ்வோடைச் செயலிகளைப் பெட்டிகளும் அம்புகளுமாக வரைவது பழைய வழக்கம். பிராண்டைஸ், பிரவுன், எம்ஐடி ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் நடத்திய ஆரோரா ஆய்வுத் திட்டம் இந்த முறையை முன்வைத்தது. அந்த ஆய்விலிருந்து தரவுத்தள ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் முன்னின்று 2003-ல் உருவாக்கிய நிறுவனம் ஸ்ட்ரீம்பேஸ். 2013-ல் அதை டிப்கோ என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. பெட்டி ஒவ்வொன்றும் ஓர் ஆபரேட்டர். வடிகட்டும், கூட்டும், அட்டவணையில் எழுதும். அம்புகள் வழியாக நிகழ்வுகள் நகரும்.

ஒரு பெட்டியிலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பும்போது படம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இருவருக்கும் இந்த நிகழ்வு கிடைக்கும். யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதைப் படம் சொல்வதில்லை. ஆனால் பார்க்கிற கண் மேலிருந்து கீழாகப் படித்துவிடுகிறது. மேலே வரைந்த கிளை முதலில் ஓடும் என்று நாமே ஒரு விதியை உள்ளே நுழைத்துவிடுகிறோம். சோதனையில் தற்செயலாக அப்படியே ஓடியும்விட்டால், அந்த விதி ஊர்ஜிதமானதாகத் தோன்றுகிறது. பிறகு யாரோ ஒருவர் ஓர் அம்பை அழித்துவிட்டு மறுபடி வரைகிறார், அல்லது செயலியை ஓட்டும் மென்பொருளான எஞ்சினின் புதிய பதிப்பு வருகிறது, உள்ளே வரிசைமுறை புரண்டுவிடுகிறது.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

ஒரே த்ரெட்டில், அதாவது வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் ஒற்றை ஓட்டத்தில், ஓடும் எஞ்சின்களில், அடுத்த பெட்டிக்கு நிகழ்வை அனுப்புவது என்பது பெரும்பாலும் ஒரு சாதாரண ஃபங்ஷன் அழைப்பு. அழைத்த பெட்டி, அழைப்பு திரும்பி வரும்வரை காத்திருக்கும். அழைக்கப்பட்ட பெட்டி தனக்கு அடுத்ததை அழைக்கும். இப்படி ஒரு கிளையின் நுனிவரை போய், எல்லா அழைப்புகளும் திரும்பிய பிறகுதான் இரண்டாவது கிளை தொடங்கும். இதை ஆழம்முதல் நடை என்பார்கள். நிகழ்வுகளைச் சேமித்து அனுப்பும் காஃப்காவின் மேல் ஓடும் காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் இந்த வழியில்தான் இயங்குகிறது. வரைபடத்தில் சேர்ந்து ஓடும் ஒரு பகுதிக்குள் பெட்டிகளுக்கு நடுவே க்யூ எதுவும் கிடையாது. ஒரு நிகழ்வு முழுவதும் கடந்து முடிந்த பின்புதான் அடுத்த நிகழ்வு உள்ளே விடப்படும்.

இந்த அமைப்பில் வரிசைமுறை என்ற ஒன்று எப்போதும் இருக்கத்தான் செய்கிறது. ஏதாவது ஒரு கிளை முதலில் ஓடித்தானே ஆக வேண்டும்? அந்தத் தேர்வை எஞ்சின் செய்கிறதா, நிரலாளர் செய்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்ட்ரீம்பேஸில் ஒரே வாயிலிலிருந்து பல அம்புகளை இழுத்தால், அவற்றுக்கிடையே எது முதலில் என்பதற்கு உறுதி கிடையாது. அந்த உறுதி வேண்டுமானால் ஸ்ப்ளிட் என்ற தனி ஆபரேட்டரை இட வேண்டும். அதற்கு எண்ணிட்ட பல வெளிவாயில்கள் உண்டு. வந்த நிகழ்வை முதல் வாயிலில் அனுப்பும். அந்தக் கிளையில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்த பின் இரண்டாம் வாயிலில் அனுப்பும். நம் விலை உதாரணத்தில், படிக்கும் கிளையை முதல் வாயிலிலும் எழுதும் கிளையை இரண்டாம் வாயிலிலும் இணைத்தால் விடை எப்போதும் 4. இந்த ஆபரேட்டர் தரவில் எதையும் மாற்றுவதில்லை. வரைபடத்தில் இல்லாத தகவலை வரைபடத்துக்குள் கொண்டுவருவது மட்டுமே அதன் வேலை. பின்னால் வந்து படிப்பவருக்கு "இங்கே வரிசைமுறை முக்கியம்" என்று சொல்லும் அறிவிப்பாகவும் அது நிற்கிறது. என் பார்வையில் அந்த இரண்டாவது பயன் முதலாவதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

காஃப்கா ஸ்ட்ரீம்ஸிலும் ஸ்ப்ளிட் என்ற பெயரில் ஒரு வசதி 2.8 பதிப்பில் வந்தது. அதன் வேலை வேறு. அங்கே நிபந்தனைகள் வரிசையாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்தும் நிபந்தனையின் கிளைக்கு மட்டும் நிகழ்வு போகும். எல்லாக் கிளைகளுக்கும் முறைப்படி அனுப்பும் ஏற்பாடு அதில் இல்லை. ஒரே நிகழ்வைப் பல கிளைகளுக்கு, நாம் சொல்லும் முறையில் அனுப்ப வேண்டுமானால், பெட்டிகளை நாமே நேரடியாக எழுதும் கீழ்நிலைப் பிராசஸர் ஏபிஐயில் இறங்கி, பெறும் பெட்டியின் பெயரைக் குறிப்பிட்டு, நிகழ்வை அனுப்பும் ஃபார்வர்ட் அழைப்பை ஒவ்வொன்றாக எழுதலாம். பெயர் குறிப்பிடாமல் பொதுவாக ஃபார்வர்ட் செய்தால், பெட்டிகள் சேர்க்கப்பட்ட வரிசையில் அழைப்பு நடப்பதைப் பார்க்கலாம். அது உள்கட்டமைப்பின் பழக்கம். அதன்மேல் கணக்குச் செயலியைக் கட்டுவது சரியில்லை.

"முடிந்தது" என்றால் என்ன?

ஸ்ப்ளிட் தரும் உறுதி ஒரே சொல்லின் மேல் நிற்கிறது: முதல் கிளை முடிந்த பிறகு. முடிவது என்றால், அழைப்பு திரும்பிவிட்டது என்று மட்டுமே பொருள். இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் வரிசைமுறையைச் சரியாக எழுதிய பிறகும் பலர் தடுமாறுகிறார்கள்.

முதல் கிளையில் 10 நிகழ்வுகளைச் சேர்த்துச் சராசரி காணும் விண்டோ ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது நிகழ்வு வரும்போது விண்டோ அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது; வெளியே எதுவும் வருவதில்லை; அழைப்பு திரும்பிவிடுகிறது. எஞ்சினைப் பொறுத்தவரை கிளை முடிந்தது. விண்டோவுக்குப் பின்னால் இருக்கும் எழுத்து வேலை மட்டும் இன்னும் நடக்கவில்லை. இரண்டாம் கிளை அந்த எழுத்தை எதிர்பார்த்திருந்தால், பத்தாவது நிகழ்வு வரும்வரை ஏமாறும்.

வெளியே உள்ள தரவுத்தளத்தை ஒத்திசைவின்றி அழைக்கும் ஆபரேட்டரும் இப்படியே. கேள்வியை அனுப்பிவிட்டுத் திரும்பிவிடும். பதில் எப்போதோ வரும். ஃபிளிங்க் என்ற எஞ்சின் இதற்கு இரண்டு வகைகளைத் தருகிறது. ஒன்று, பதில்கள் எந்த வரிசையில் வந்தாலும் கேள்விகள் போன வரிசையிலேயே வெளியே விடும். மற்றது, வந்த பதிலை உடனே விடும். முதல் வகை ஒரே கிளைக்குள் நிகழ்வுகளின் வரிசைமுறையைக் காக்கிறது, ஆனால் ஒரு தாமதமான பதில் பின்னால் நிற்கும் எல்லாவற்றையும் தடுத்துவிடும். இரண்டு கிளைகளுக்கு நடுவே உள்ள வரிசைமுறையைப் பற்றி இரண்டு வகைகளும் எதுவும் சொல்வதில்லை.

த்ரெட் எல்லையும் அப்படித்தான். ஒரு கிளையை வேகத்துக்காகத் தனி த்ரெட்டுக்கு மாற்றினால், நடுவே ஒரு க்யூ முளைக்கிறது. இப்போது "அனுப்பியாகிவிட்டது" என்பதன் பொருள், க்யூவில் போட்டாகிவிட்டது என்பதே. காஃப்கா ஸ்ட்ரீம்ஸில், ஒரு நிகழ்வு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்லும் கீயை மாற்றிவிட்டுக் குழுவாக்கினால், நடுவில் ஒரு மறுபகிர்வு டாபிக் உருவாகும்; நிகழ்வுகள் அந்த டாபிக்கில் எழுதப்பட்டு மீண்டும் படிக்கப்படும். வரைபடம் அந்த இடத்தில் இரண்டாக உடையும். முதல் பாதி, நிகழ்வை டாபிக்குக்கு அனுப்பும் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று திரும்பும். இரண்டாம் பாதி வேறொரு கணினியில்கூட ஓடலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலியில் யாரோ ஒருவர் கீயை மாற்றும் ஒரு வரியைச் சேர்த்ததும், அதுவரை இருந்த வரிசைமுறை காணாமல் போவது இப்படித்தான். அந்த வரியைச் சரிபார்ப்பவர் கண்ணுக்கு அதில் குற்றம் எதுவும் தெரியாது.

மறுபடி சேரும் கிளைகள்

இதுவரை பார்த்தது பிரிந்து போகும் கிளைகள். பிரிந்து மீண்டும் சேரும் கிளைகளில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது.

உள்ளே வரும் எண்ணை ஒரு கிளை அப்படியே கொடுக்கிறது, மற்றது பத்தால் பெருக்கிக் கொடுக்கிறது என்று கொள்வோம். கடைசியில் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் கடைசியாக வந்த மதிப்புகளைக் கூட்டி வெளியிடுகிறது. உள்ளே 2 வந்தபோது விடை 22. அடுத்து 3 வருகிறது. ஆழம்முதல் நடையில் முதல் கிளை 3-ஐக் கொண்டுவந்து சேர்க்கும். மற்ற பக்கத்தில் இன்னும் பழைய 20 இருக்கிறது. பெட்டி 23 என்று வெளியிடும். பிறகு இரண்டாம் கிளை 30-ஐக் கொண்டுவரும். பெட்டி 33 என்று வெளியிடும். 33 சரி. 23 என்ற விடைக்கு உள்ளே வந்த எந்த எண்ணும் பொறுப்பாகாது. பழையதும் புதியதும் கலந்து பிறந்த எண் அது. ஒரு மதிப்பு மாறினால் அதைச் சார்ந்தவை தாமே மாறும்படி எழுதும் எதிர்வினை நிரலாக்கத் துறையில் இதை கிளிட்ச் என்று அழைக்கிறார்கள்.

இங்கே கிளைகளின் முறையை மாற்றுவதால் பயன் இல்லை. பெருக்கும் கிளை முதலில் வந்தால் 32 என்று வேறொரு தவறான எண் வரும், அவ்வளவுதான். வேண்டியது, சேரும் பெட்டி இரு பக்கமும் வரும்வரை பொறுத்திருப்பது. அதற்கு இரண்டு வழிகள். வரைபடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் உயரம் கொடுத்து, கீழ் உயரத்தில் இருப்பவை எல்லாம் முடிந்த பின் மேல் உயரத்தைத் தொடுவது ஒன்று. எதிர்வினை நிரலாக்க மொழிகள் சில இப்படிச் செய்கின்றன. பிரியும் இடத்திலேயே நிகழ்வுக்கு ஒரு வரிசை எண் ஒட்டி, சேரும் இடத்தில் அதே எண்ணுள்ள இரண்டும் வந்தால் மட்டும் கூட்டுவது மற்றொன்று. நடுவில் த்ரெட்களும் நெட்வொர்க்கும் வந்தாலும் இரண்டாவது வழி தாங்கும். அதனால் விநியோகிக்கப்பட்ட செயலிகளில் எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. ஒரு கிளை நிகழ்வை வடிகட்டி வெளியேற்றிவிட்டால் மறுபக்கம் என்றைக்கும் காத்திருக்குமே என்ற ஆபத்து இதில் உண்டு. வடிகட்டும் கிளை, "இந்த எண்ணுக்கு என்னிடம் எதுவும் இல்லை" என்று வெற்று நிகழ்வையாவது அனுப்பியே தீர வேண்டும்.

கணினிகள் பல ஆகும்போது

ஒரே கணினியை விட்டு வெளியே வந்ததும், "முதலில்" என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது. வெவ்வேறு கணினிகளில் நடக்கும் இரண்டு செயல்களில் எது முந்தியது என்பதற்குப் பொதுவான கடிகாரம் கிடையாது. லெஸ்லி லாம்போர்ட் 1978-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தெளிவாக வகுத்தது. ஒரு செய்தியை அனுப்பியது, அதைப் பெற்றதற்கு முந்தியது. ஒரே இடத்தில் நடந்தவற்றுக்கும் முன்பின் உண்டு. இவற்றைக் கொண்டு இணைக்க முடியாத இரண்டு செயல்களுக்கு இயல்பான முன்பின் என்பதே இல்லை. அப்படியும் ஒரு முழு வரிசைமுறை வேண்டுமென்றால், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அந்த எண்கள் சமமாகும் இடத்தில் எந்தக் கணினிக்கு முன்னுரிமை என்று முன்கூட்டியே ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். அந்த விதி எதுவாகவும் இருக்கலாம். எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இன்றைய எஞ்சின்கள் தரும் உறுதிகளைப் படித்தால், அவை இந்த எல்லைக்குள்ளேயே நிற்பது தெரியும். காஃப்கா, டாபிக்கின் ஒரு துண்டான பார்ட்டிஷனுக்குள் வரிசைமுறையைக் காக்கும். பார்ட்டிஷன்களுக்கு நடுவே காக்காது. ஃபிளிங்க், இணையாக ஓடும் வேலைப் பிரிவுகளான டாஸ்க்குகளில், அனுப்பும் ஒரு டாஸ்க்குக்கும் பெறும் ஒரு டாஸ்க்குக்கும் நடுவே காக்கும். இரண்டு ஓடைகளை ஒன்றாகச் சேர்த்தால் எது எப்போது கலக்கும் என்று சொல்லாது. விதிகளை எல்லா டாஸ்க்குகளுக்கும் பரப்பும் பிராட்காஸ்ட் ஸ்டேட் வசதியிலும், பரப்பப்பட்ட விதிகள் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் வெவ்வேறு வரிசையில் வந்து சேரலாம் என்று ஃபிளிங்கின் ஆவணமே எச்சரிக்கிறது. விதி வருவதற்கு முன் நிகழ்வு வந்துவிட்டால், அந்த நிகழ்வை நிலையில் சேமித்து வைத்து, விதி வந்த பின் எடுத்து நடத்த வேண்டிய பொறுப்பு நிரலாளருடையது.

நிகழ்வு நேரத்தை, அதாவது நிகழ்வு உண்மையில் நடந்த நேரத்தை, வைத்து வரிசைப்படுத்துவது இங்கே கைகொடுக்கும். கிளைகளிலிருந்து வருபவற்றை உடனே நடத்தாமல், "இந்த நேரம்வரை உள்ளவை வந்துவிட்டன" என்று சொல்லும் குறியான வாட்டர்மார்க் அந்த நேரத்தைக் கடக்கும்வரை வைத்திருக்க வேண்டும். பல உள்ளீடுகள் இருக்கும்போது ஃபிளிங்க் அவற்றில் மிகக் குறைந்த வாட்டர்மார்க்கையே எடுத்துக்கொள்ளும் என்பதால், பின்தங்கிய கிளைக்கும் இடம் கிடைக்கிறது. கடந்ததும், நேர முத்திரை, மூலத்தில் இட்ட வரிசை எண், கிளையின் தரவரிசை ஆகிய மூன்றையும் கொண்டு அடுக்கி, அந்த முறையில் நடத்தலாம். மூன்றாவதாகச் சொன்ன கிளையின் தரவரிசை, லாம்போர்ட் சொன்ன அந்தச் சமன்முறிக்கும் விதிதான். விலையாகத் தாமதத்தைக் கொடுக்கிறோம். தாமதமாகும் கிளை அமைதியாகிவிட்டால் எல்லாமே நின்றுவிடும் என்பதால், செயலற்ற மூலங்களைக் கண்டு விலக்கும் ஏற்பாடும் வேண்டும்.

காஃப்கா ஸ்ட்ரீம்ஸ் சற்று எளிய வழியை எடுக்கிறது. ஒரே டாஸ்க்குக்குப் பல பார்ட்டிஷன்கள் உள்ளீடாக இருந்தால், கையில் உள்ளவற்றில் நேர முத்திரை குறைந்த நிகழ்வை முதலில் எடுக்கும். கையில் இன்னும் வந்து சேராததைப் பற்றி அதற்குத் தெரியாது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை "மேக்ஸ் டாஸ்க் ஐடில்" என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. சேமித்த ஒரு மாதத் தரவை மறுபடி ஓட்டிப் பார்க்கும்போது விடைகள் முதல்முறை வந்தவற்றிலிருந்து விலகினால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

வரிசைமுறையை எங்கே எழுதுவது?

வரிசைமுறையைக் கட்டாயப்படுத்தும் வழிகள் எல்லாம் ஒரே தரத்தவை ஆகா. எஸ்பர் என்ற நிகழ்வோடை எஞ்சினில், விதிகளாக எழுதும் ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னுரிமை எண் தரலாம்; அதற்கான அமைப்பை இயக்கியிருந்தால், பெரிய எண்ணுள்ள கூற்று முதலில் ஓடும். சிறிய செயலிக்கு இது போதும். கூற்றுகள் பெருகிய பிறகு, இது 10, அது 20, நடுவில் 15 என்று எண்கள் குவியும். எந்த எண் எதற்காக வந்தது என்பது எழுதியவருக்கே மறந்துவிடும். எண் வரிசையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

லண்டனில் இயங்கும் எல்மேக்ஸ் பரிமாற்றகம் உருவாக்கி 2011-ல் திறந்த மூலமாக வெளியிட்ட டிஸ்ரப்டர் என்ற மென்பொருள் நூலகம் இதைவிட நேர்த்தியாக அமைந்திருக்கிறது. ஒரு வளைய பஃபரில் நிகழ்வுகள் எண்ணிட்டு வைக்கப்படும். நிகழ்வைக் குறிப்பேட்டில் பதிபவர், வேறொரு கணினிக்குப் பிரதி அனுப்புபவர் ஆகிய இருவரும் ஒருவருக்கொருவர் காத்திராமல் தத்தம் வேகத்தில் ஓடுவார்கள். வணிக விதிகளை நடத்துபவர் மட்டும் அந்த இருவரும் எந்த எண்ணைக் கடந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த எண்வரை மட்டுமே போவார். "இவர்களுக்குப் பிறகு இவர்" என்ற சார்பு நிரலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தேவையில்லாத இடத்தில் வரிசைமுறை திணிக்கப்படவில்லை. தேவையான இடத்தில் அது காரணத்தோடு நிற்கிறது.

இதையே பொது வழியாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. இரண்டாம் கிளைக்கு முதல் கிளையின் விளைவு தேவை என்றால், அந்த விளைவை ஒளிவுமறைவாகப் பகிர்ந்த அட்டவணை வழியாகக் கொடுக்காமல், நிகழ்வின் உள்ளேயே வைத்து நேராக அனுப்பினால் போதும். நம் விலை உதாரணத்தில், "பழைய விலையைப் படி, புதிய விலையை எழுது, இரண்டையும் வெளியே கொடு" என்று மூன்றையும் ஒரே பெட்டியில் செய்துவிடலாம். ஏற்ற இறக்கம் காணும் கிளைக்கு 100, 104 இரண்டும் நிகழ்விலேயே வந்துவிடும். எந்தக் கிளை எப்போது ஓடினாலும் விடை 4. அட்டவணைக்கு ஒரே ஒருவர் எழுதுகிறார் என்பதால் த்ரெட்களைக் கூட்டினாலும் கீ வாரியாகப் பிரித்தாலும் இது குலையாது. வரிசைமுறைச் சிக்கல்களில் பெரும்பகுதி, இப்படிக் கிளையாகப் பிரித்திருக்கவே கூடாத வேலையைப் பிரித்ததால் வந்தவை.

அப்படிச் சேர்க்க முடியாத இடங்கள் இருக்கும். ஒரு பணப்பரிமாற்றத்தைத் தணிக்கைப் பதிவில் எழுதிய பிறகே வெளியே அனுப்ப வேண்டும் என்பது சட்டத் தேவையாக இருக்கலாம். அங்கே ஸ்ப்ளிட் போன்ற வெளிப்படையான ஆபரேட்டர், அல்லது முதல் கிளையின் முடிவு நிகழ்வே இரண்டாம் கிளையைத் தொடங்கும்படியான தொடர் அமைப்பு பொருந்தும். இரண்டில் பின்னது, த்ரெட் எல்லைகளைத் தாண்டியும் நிற்கும். எந்த வழியானாலும், உறுதியின் எல்லையைக் கீ அளவுக்குச் சுருக்கிக்கொள்வது நல்லது. ஒரே கணக்கின் நிகழ்வுகளுக்குள் முன்பின் காக்கப்பட்டால் போதுமென்றால், வெவ்வேறு கணக்குகள் இணையாக ஓடட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வரிசைமுறை என்று கேட்டால், எத்தனை கணினிகள் சேர்த்தாலும் வேலை ஒற்றை வழியாகத்தான் நகரும்.

செயலி எந்த வரிசைமுறையை நம்பி இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நேரடியான சோதனை உண்டு. பதிவு செய்து வைத்த ஒரே நிகழ்வுத் தொகுப்பை, கிளைகளின் முறையை வேண்டுமென்றே மாற்றி மாற்றி ஓட்டுங்கள். அம்புகளைச் சேர்க்கும் முறையைப் புரட்டலாம், ஒரு கிளையில் செயற்கைத் தாமதம் வைக்கலாம், த்ரெட் எண்ணிக்கையைக் கூட்டலாம். வெளியீடுகளைக் கீ வாரியாக ஒப்பிடுங்கள். விடை மாறும் இடம் ஒவ்வொன்றிலும், இரண்டு கிளைகள் எதைப் பகிர்கின்றன என்று தேடினால் ஓர் அட்டவணையோ, தற்காலிகச் சேமிப்போ, வெளிச் சேவையோ அகப்படும். அதை எழுதுபவர் ஒருவராக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதபோது மட்டும் கிளைகளுக்கு முறை வகுத்து, காரணத்தையும் அருகிலேயே எழுதிவிட்டு, இதே சோதனையைப் பதிப்பு மாறும்போதெல்லாம் ஓடும்படி வைத்துவிடுங்கள்.